சேகோ ஆலைத் தண்ணி: அதுல என்ன இருக்கு, ஏன் நாறுது, எப்படி சுத்தம் பண்றது

மரவள்ளிக் கிழங்குலேர்ந்து சேகோ, அதாவது ஜவ்வரிசி, பண்ற ஆலைகளுக்கு சீசன் ஆரம்பிச்சா போதும், சேலம், ஆத்தூர், ராசிபுரம், நாமக்கல் பக்கத்துலேர்ந்து ஏரியில நுரை, ஓடையில நாத்தம், கிணத்துத் தண்ணி நிறம் மாறிடுச்சுன்னு செய்தி வர ஆரம்பிச்சிடும். உடனே ரெண்டு கட்சி. ஒரு பக்கம் "அது சயனைடு தண்ணி, விஷம்"னு சொல்றாங்க, இன்னொரு பக்கம் "கிழங்கு கழுவின தண்ணிதானே, அரிசி களைஞ்ச தண்ணி மாதிரி, மாட்டுக்கே ஊத்தலாம்"னு சொல்றாங்க. ரெண்டு பேர் சொல்றதுலயும் பாதி உண்மை இருக்கு, மீதிப் பாதிதான் குழப்பமே. அதனால அடியிலேர்ந்து வருவோம்.

## ஆலைக்குள்ள தண்ணி எங்கெங்க போகுது

மரவள்ளியில, அதாவது நம்ம ஊர் குச்சிக்கிழங்குல, எடைக்கு கால் பங்குக்கு மேல மாவு. அந்த மாவு செல்லுக்குள்ள மணி மணியா அடைஞ்சு கிடக்கு. அதை வெளிய எடுக்கணும்னா செல்லை உடைக்கணும், உடைச்சதைத் தண்ணியில கரைச்சு நாரைத் தனியா பிரிக்கணும், அப்புறம் மாவை அடியில படிய விடணும். ஜவ்வரிசி தொழிலோட சாரமே இவ்வளவுதான், ஆனா ஒவ்வொரு படிக்கும் தண்ணி வேணும்.

1. கிழங்கைக் கழுவுறது. மண்ணும் தோலும் போற தண்ணி. பாக்க அசிங்கமா இருக்கும், ஆனா பெருசா வீரியம் கிடையாது.
2. ராஸ்பர்ங்கிற அரைக்கிற மிஷின்ல அரைச்சு சல்லடையில விட்டா மேல நிக்கிற நார்ச்சக்கைதான் திப்பி, கீழ இறங்குற மாவு கலந்த தண்ணிதான் பால். திப்பியைப் பிழியிறப்போ வர்ற தண்ணி கொஞ்சம் கனமானது.
3. பாலைத் தொட்டியில நிறுத்தி வெச்சா பல மணி நேரத்துல மாவு அடியில கட்டியா படியும், மேல தெளிஞ்சு நிக்கிற மஞ்சள் கலந்த தண்ணியைத் திறந்து விடுவாங்க. பிரச்சனையில முக்கால்வாசி இந்தத் தண்ணிதான்.
4. படிஞ்ச மாவைத் திரும்பக் கலக்கி இன்னொரு தரம் படிய விடுறது, தரையும் தொட்டியும் கழுவுறது.

ஒரு டன் மாவுக்கு எவ்வளவு தண்ணி போகும்னா, ஓரளவு நவீனமான ஆலையில 10 முதல் 20 கன மீட்டர். பழைய தொட்டி முறையில அதைவிட ரொம்பவே அதிகம். ஒரு கன மீட்டர்னா 1,000 லிட்டர். இதுல ஒரு விஷயம் கவனிங்க, மாவு எவ்வளவு வெள்ளையா வேணுமோ அத்தனை தரம் கலக்கி கலக்கி படிய விடணும், ஒவ்வொரு தரமும் இன்னொரு தொட்டி தண்ணி வெளிய போகும். பளீர்னு வெள்ளையா இருக்கிற ஜவ்வரிசிதான் நல்ல ஜவ்வரிசின்னு நாம கடையில நம்புறோம் பாருங்க, அந்தப் பழக்கத்துக்கும் ஏரியில மிதக்குற நுரைக்கும் நேரடி சம்பந்தம் இருக்கு.

## அந்தத் தண்ணிக்குள்ள இருக்கிறது என்ன

படியாம தப்பிச்ச நுண்ணிய மாவு, கரைஞ்ச சர்க்கரை, கொஞ்சம் புரதம், பொட்டாசியம் மாதிரி உப்புகள், கிழங்குல இயல்பாவே இருக்கிற சயனைடு. தொட்டியில நிக்கும்போதே பாக்டீரியா வேலையை ஆரம்பிச்சிடுது, சர்க்கரையைத் தின்னு லாக்டிக் அமிலம், அசிட்டிக் அமிலம்னு பண்ணிடும், அதனால தண்ணி புளிக்கும். புளிப்பைக் காட்டுற பிஹெச் அளவு (எண் குறையக் குறைய புளிப்பு ஜாஸ்தி) பாத்தா பெரும்பாலும் 4-லிருந்து 5-க்குள்ள நிக்கும், புளிச்ச மோர் கணக்கா.

இப்ப அறிக்கைகள்ல வர்ற ரெண்டு வார்த்தை, பிஓடியும் சிஓடியும். தண்ணியில இருக்கிற அழுக்கை பாக்டீரியா தின்னு தீர்க்க எவ்வளவு ஆக்சிஜன் செலவாகும்ங்கிறது பிஓடி. அதே அழுக்கை ரசாயனம் வெச்சு மொத்தமா எரிச்சா எவ்வளவு ஆக்சிஜன் வேணும்ங்கிறது சிஓடி. ரெண்டுமே அழுக்கை நேரா அளக்கிறதில்லை, அழுக்கு கேக்குற ஆக்சிஜனைத்தான் அளக்குது. சேகோ தண்ணியில சிஓடி லிட்டருக்கு 4,000-லிருந்து 10,000 மில்லிகிராம் வரைக்கும் ஆலைக்கு ஆலை மாறும், பிஓடி அதுல பாதிக்கு மேலயே இருக்கும். பிஓடி, சிஓடிக்கு இவ்வளவு கிட்ட இருந்தா ஒரு அர்த்தம் இருக்கு: அதுல இருக்கிறதை பாக்டீரியா சுலபமா தின்னும். சாயப்பட்டறைத் தண்ணிக்கு இந்தக் குணம் கிடையாது. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, சுத்தம் பண்ற இடத்துல திரும்ப வரும்.

எண்ணை நிஜத்துல வெச்சுப் பாக்கலாம். நல்ல ஆத்துத் தண்ணியில நம்ம வெயிலுக்கு லிட்டருக்கு 7, 8 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரைஞ்சு இருக்கும். பிஓடி 4,000 இருக்கிற தண்ணி ஒரு லிட்டர் கலந்தா 500 லிட்டருக்கும் மேல ஆத்துத் தண்ணியோட ஆக்சிஜனை மொத்தமா உறிஞ்சிடும். மீன் செத்து மிதக்குறதுக்கு விஷமே தேவையில்லை, மூச்சு முட்டியே சாகும். இன்னொரு கணக்கு: ஒரு ஆளோட ஒரு நாள் சாக்கடையில ஏறக்குறைய 50 கிராம் பிஓடி. ஒரு ஆலை தினம் 100 கன மீட்டர், அதே 4,000 பிஓடியில விட்டா 400 கிலோ, அதாவது 8,000 பேர் இருக்கிற ஊரோட சாக்கடைக்குச் சமம். அதுவும் வசிஷ்ட நதி, சுவேத நதி, திருமணிமுத்தாறு மாதிரி வருஷத்துல பாதி நாள் ஓட்டமே இல்லாத ஆத்துல கலந்தா கரைச்சு விடத் தண்ணி எங்க இருக்கு?

## சயனைடு விஷயம்

மரவள்ளியில லினமரின்னு ஒரு பொருள் இருக்கு, அது தனியா இருக்கிற வரைக்கும் சும்மா கிடக்கும். அதை உடைக்கிற நொதி செல் சுவர்ல தனியா இருக்கு. கிழங்கை அரைச்சா ரெண்டும் சேரும், சேர்ந்ததும் சயனோஹைட்ரின்னு ஒண்ணு உருவாகி அதுலேர்ந்து ஹைட்ரஜன் சயனைடு வரும். பூச்சியும் விலங்கும் தன்னைத் தின்னாம இருக்க செடி வெச்சுக்கிட்ட ஏற்பாடு. தோல்ல அதிகம், சதையில கம்மி. ஆடு மரவள்ளி இலையை மேய்ஞ்சு செத்துப்போச்சுன்னு ஊர்ல சொல்றாங்களே, அதுக்குக் காரணம் இதேதான். சமையலுக்கு வெக்கிற இனிப்பு ரகத்துல கிலோவுக்கு 50 மில்லிகிராமுக்குக் கீழ இருக்கும், கசப்பு ரகங்கள்ல 100-க்கு மேல போகும்.

ஹைட்ரஜன் சயனைடு 26 டிகிரியிலயே கொதிச்சு ஆவியாகிடும், சேலம் வெயில்ல அது தண்ணியில தங்கவே கூடாதுன்னுதான் தோணும். ஆனா சயனோஹைட்ரின் பிஹெச் 5-க்குக் கீழ இருந்தா உடையாம அப்படியே நிக்கும், தண்ணியோ புளிச்சுப்போய் 4-லயே நிக்குது. அதனால தண்ணியோட புளிப்பே சயனைடைப் பிடிச்சு வெச்சுக்குது. சோதனையில எதோடயும் சேராத தனி சயனைடை மட்டும் பாத்துட்டு "இல்லை"ன்னு எழுதினா பாதி கதை விட்டுப்போயிரும், சயனோஹைட்ரின்ல மாட்டிக்கிட்டதையும் சேர்த்து மொத்த சயனைடும் பாக்கணும். பிஹெச்சை ஏத்தினா சயனோஹைட்ரின் தானா உடையும், வெளிய வர்றது காத்தோட போகும், மிச்சத்தைப் பழகின பாக்டீரியா தின்னுடும்.

ஆக சயனைடு நிஜம்தான், புதுசா வந்த தண்ணியை ஆடு மாடு குடிக்கிறது ஆபத்துதான், விதிப்படி வெளிய விடுற தண்ணியில லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்கு மேல இருக்கக் கூடாது. ஆனா அது நாள்கணக்குல உடைஞ்சு போற சயனைடு, பாதரசம் மாதிரி வருஷக்கணக்குல மண்ணுல உக்காந்துக்கிற சமாச்சாரம் இல்லை. ஏரியை நாசம் பண்றதுல முதல் குற்றவாளி சயனைடு கிடையாது, மாவும் சர்க்கரையும்தான். பிரேசில்ல மரவள்ளி பிழிஞ்ச தண்ணிக்கு மனிபுவெய்ரான்னு பேர், அதை நல்லா கொதிக்க வெச்சு துகுப்பின்னு ஒரு குழம்பே வெக்கிறாங்க. கொதிக்க வெக்கிறது ருசிக்கு மட்டும் இல்லை, சயனைடு போறதும் அதுலதான்.

## நாத்தம் எங்கேர்ந்து வருது

தேங்கின தண்ணியில ஆக்சிஜன் தீர்ந்ததும் ஆக்சிஜன் இல்லாம வாழ்ற பாக்டீரியா பொறுப்பு எடுத்துக்குது. சர்க்கரை பியூட்டிரிக் அமிலமா மாறும், வாந்தி நாத்தம்னு சொல்றது இதைத்தான். கூடவே அழுகின முட்டை நாத்தம் வந்தா அது ஹைட்ரஜன் சல்பைடு, அதுக்குக் கந்தகம் வேணும். கிழங்குல கந்தகம் பெருசா இல்லை, தண்ணியில இருக்கிற சல்பேட்லேர்ந்து வரலாம், மாவை வெளுக்க வெக்கிறேன்னு சல்பூரிக் அமிலம் மாதிரி எதையாவது சேர்த்தா அங்கேர்ந்தும் வரும். அந்த ரசாயன விவகாரத்தை உணவு பாதுகாப்புப் பிரச்சனையா மட்டும்தான் நாம பேசுறோம், ஆனா பிளீச்சிங் கலந்த தண்ணி சுத்திகரிப்புத் தொட்டியில இருக்கிற பாக்டீரியாவையும் சேர்த்துக் கொல்லும், கந்தகம், இந்தத் தண்ணியிலேர்ந்து எடுக்கிற கேஸ்ல ஓடுற இன்ஜினை அரிக்கும்.

## கிணத்துக்கு எப்படிப் போகுது

சேலம், நாமக்கல் பாறை பூமி, மேல கொஞ்சம் மண்ணு, கீழ வெடிப்பு விழுந்த பாறை. குட்டையில தேங்கின தண்ணி மண்ணுல வடிகட்டி இறங்க நேரம் எடுக்காம வெடிப்பு வழியா நேரா கிணத்துக்குப் போயிடும். போற வழியில ரெண்டு வேலை நடக்குது.

1. புளிப்பு தண்ணி மண்ணுல இருக்கிற சுண்ணாம்பைக் கரைக்குது. கிணத்துத் தண்ணி உப்புக் கரிக்குது, கடினமாயிடுச்சு, சோப்பு நுரைக்கலைங்கிற புகாருக்கு இது ஒரு காரணம்.
2. ஆக்சிஜன் இல்லாத தண்ணி மண்ணுல இருக்கிற இரும்பையும் மாங்கனீசையும் கரைச்சு எடுத்துட்டு வரும். மோட்டார் போட்டதும் தெளிவா வந்து, குடத்துல வெச்சதும் செம்பழுப்பா மாறுதுன்னா அது காத்து பட்டு துருப்பிடிக்கிற இரும்பு.

அதாவது கிணத்துல தெரியிற நிறம் ஆலையிலேர்ந்து நேரா வந்த நிறம் இல்லை, ஆலைத் தண்ணி நம்ம மண்ணுலேர்ந்தே கரைச்ச நிறம். "எங்க ஆலையில இரும்பே உபயோகிக்கலை"ன்னு யாராவது பதில் சொன்னா அது உண்மையாவும் இருக்கும், பிரயோஜனம் இல்லாததாவும் இருக்கும்.

## சுத்தம் பண்றது: வரிசைதான் முக்கியம்

நிறைய பேர் நேரா கடைசிப் படிக்குப் போயிடுறாங்க, சுண்ணாம்பைக் கொட்டு, படிகாரம் போடு, காத்து அடின்னு. செலவு ஏறும், தண்ணி பாதிதான் சுத்தமாகும், அப்புறம் மிஷினை நிறுத்தி வெச்சிடுவாங்க. இந்தத் தண்ணி அடிப்படையில சாப்பாடு, கெட்டுப்போற சாப்பாடு, அவ்வளவுதான். சாப்பாட்டை முதல்ல மாவா திரும்ப எடுக்கணும், எடுக்க முடியாததை கேஸா எடுக்கணும், அதுக்கும் அப்புறம் மிஞ்சுறதுக்குத்தான் கரன்ட் செலவு பண்ணணும்.

1. தண்ணிகளைப் பிரி. கழுவுற தண்ணியை மண் படிய விட்டுத் திரும்பக் கழுவவே உபயோகிக்கலாம். ரெண்டாவது தடவை மாவு படிஞ்ச தண்ணி ஓரளவு சுத்தமானது, அதை முதல் கழுவலுக்கோ அரைக்கவோ திருப்பலாம். வீரியமான தண்ணியையும் வீரியம் இல்லாததையும் ஒரே வாய்க்கால்ல கலந்து விட்டா எல்லாமே கஷ்டம்.

2. மாவைப் பிடி. மாவுக்கு சிஓடி ஏறக்குறைய எடைக்கு 1.2 மடங்கு. சிஓடி 5,000 இருக்கிற தண்ணி 100 கன மீட்டர்ல 500 கிலோ சிஓடி இருக்கு, அதாவது 400 கிலோவுக்கு மேல மாவுக்குச் சமமான பொருள் தினம் வாய்க்கால்ல போகுது. அதுல எல்லாமே மாவு இல்லை, சர்க்கரையும் புரதமும் உண்டு, ஆனாலும் கிழங்கை பாயிண்ட், அதாவது மாவுச்சத்து அளவு, பாத்து பேரம் பேசி வாங்குற தொழில்ல இது சின்ன நஷ்டம் இல்லை. நல்ல சல்லடை, நீளமான படிவுத் தொட்டி, முடிஞ்சா தண்ணியைச் சுழல விட்டு மாவைப் பிரிக்கிற ஹைட்ரோசைக்ளோன். திப்பியைத் தண்ணியோட போக விடாம பிழிஞ்சு காய வெச்சா மாட்டுத் தீவனம்.

3. சமன்படுத்து. ஆலைத் தண்ணி ஒரே சீரா வராது, தொட்டி திறக்கிறப்போ மொத்தமா வரும். ஒரு நாள் தண்ணி நிக்கிற மாதிரி ஒரு தொட்டி வேணும். அங்கேயே புளிச்சு முடிஞ்சா அடுத்த படிக்கு நல்லது.

4. கேஸ் ரியாக்டர். இதுதான் நடுநாயகம், கீழ தனியா சொல்றேன்.

5. காத்து அடிக்கிற தொட்டி. மிஞ்சின பிஓடிக்கு மட்டும்.

6. கடைசியா படிவு, வடிகட்டல், இல்ல நாணல் வளர்த்த குளம்.

## கேஸ் ரியாக்டர் எப்படி வேலை செய்யுது

சாண எரிவாயு கலன்ல நடக்கிறதேதான். காத்து புகாத தொட்டியில ஒரு கூட்டம் பாக்டீரியா மாவையும் சர்க்கரையையும் அமிலமா மாத்தும், இன்னொரு கூட்டம் அந்த அமிலத்தைத் தின்னு மீத்தேன் விடும். முதல் கூட்டம் வேகமானது, எதையும் தாங்கும். ரெண்டாவது கூட்டம் மெதுவானது, பிஹெச் 6.8-லிருந்து 7.4-க்குள்ளதான் சந்தோஷமா இருக்கும். மரவள்ளித் தண்ணியில சர்க்கரை ஜாஸ்தி, அதனால முதல் கூட்டம் எகிறி அடிக்கும், அமிலம் குவியும், பிஹெச் விழும், மீத்தேன் கூட்டம் படுத்துடும். "ரியாக்டர் புளிச்சுப்போச்சு"ன்னு சொல்றது இதைத்தான். அதைத் தடுக்க ஆரம்பத்துல சுண்ணாம்போ சோடாவோ போடணும், செட் ஆனதும் வெளிய வர்ற தண்ணியையே கொஞ்சம் உள்ள திருப்பி விட்டா அதுல இருக்கிற காரத்தன்மை போதும், சுண்ணாம்புச் செலவு குறையும்.

இன்னொரு குறை, இந்தத் தண்ணியில நைட்ரஜனும் பாஸ்பரஸும் கம்மி. வெறும் மாவை மட்டும் தின்னா பாக்டீரியா வளராது, சாணம், யூரியா, டிஏபி ஏதாவது கொஞ்சம் சேர்க்கணும். சயனைடுக்கு முதல்ல தடுமாறும், சில வாரத்துல பழகிக்கும்.

தொட்டி ரெண்டு வகை. யூஏஎஸ்பின்னு ஒண்ணு, தண்ணி கீழேர்ந்து மேல பாக்டீரியா நிறைஞ்ச சேறு அடுக்கு வழியா ஏறும், ஒரு கன மீட்டர் தொட்டிக்கு தினம் 5 கிலோ சிஓடி கொடுக்கலாம்னு வெச்சா நம்ம 500 கிலோவுக்கு 100 கன மீட்டர் தொட்டி போதும். இன்னொண்ணு தார்ப்பாய் மாதிரி ஷீட் போட்டு மூடின பெரிய குளம், அதுல தண்ணி 15-லிருந்து 30 நாள் நிக்கணும், அப்போ 1,500-லிருந்து 3,000 கன மீட்டர். இடம் இருந்தா குளம் சுலபம், கவனிப்பு குறைவு, தாய்லாந்துல கோராட் பக்கம் பெரிய மாவு ஆலைகள் மூடின ரியாக்டர்லதான் கேஸ் எடுத்து மாவு காய வெக்கிறாங்க. மூடாத குளம் மட்டும் வேண்டாம். அதுவும் சுத்திகரிப்புன்னு கணக்குல வரும், ஆனா நாத்தம் ஊருக்கு, மீத்தேன் வானத்துக்கு. அந்த மீத்தேன் 100 வருஷக் கணக்குல கரியமில வாயுவைவிட 28 மடங்கு சூடு ஏத்துற வாயு.

கேஸ் கணக்கு: ஒரு கிலோ சிஓடி போச்சுன்னா 0.35 கன மீட்டர் மீத்தேன், இது கோட்பாட்டு உச்சம். 500 கிலோவுல 80 சதவீதம் போனா 400 கிலோ, அதாவது 140 கன மீட்டர் மீத்தேன். வீட்டு சிலிண்டர் கணக்குல தினம் 7 சொச்சம். ஜெனரேட்டர்ல விட்டா 400 யூனிட்டுக்குக் கிட்டத்தட்ட. நடைமுறையில இதைவிடக் குறையும், ஆனாலும் ஜவ்வரிசி வறுக்க விறகு எரிக்கிற ஆலைக்கு இது கையில வர்ற காசு. இதையே நேரா காத்து அடிச்சு சுத்தம் பண்ணினா ஒரு கிலோ பிஓடிக்கு சுமார் ஒரு யூனிட், 400 கிலோவுக்கு 400 யூனிட் நம்ம செலவு, கூடவே மலை மாதிரி சேறு. அதே தண்ணி, வரவா செலவாங்கிறது எந்தத் தொட்டி முன்னாடி இருக்குங்கிறதுல இருக்கு.

## அப்புறம் ஏன் எல்லா ஆலையிலும் இல்லை

லாபம்னு கணக்கு சொல்லுது, ஆனா நிலவரம் வேற. முதல் காரணம் சீசன். கிழங்கு வரத்து வருஷம் முழுக்க ஒரே மாதிரி இல்லை, சில மாசம் ஆலை மூடியே கிடக்கும். தாய்லாந்து ஆலைகள் பெருசு, நீண்ட நாள் ஓடும், போட்ட காசு சீக்கிரம் திரும்பும். இங்க சின்னச் சின்ன ஆலைகள், பாதி வருஷம் ஓடுற மிஷினுக்கு முழு வருஷ வட்டி. பாக்டீரியா சில மாசம் பட்டினி தாங்கும், அதனால சீசன் முடிஞ்சதும் சேத்தை வெளிய கொட்டாம தொட்டியிலயே விட்டு வெக்கணும். அதைத் தெரியாம கழுவி விட்டுட்டு அடுத்த வருஷம் திரும்ப சாணத்துலேர்ந்து ஆரம்பிச்சா செட் ஆக ரெண்டு மூணு மாசம், அதுக்குள்ள சீசன்ல பாதி போயிடும், அந்த ரெண்டு மாசத் தண்ணி வாய்க்காலுக்கு.

ரெண்டாவது ஆள். பிஹெச் பாக்கத் தெரிஞ்ச ஒருத்தர் தினமும் இருக்கணும். ரியாக்டர் கெடுறதுக்கு முன்னாடியே அமிலத்துக்கும் காரத்துக்கும் உள்ள விகிதம் ஏறும், அதை வாரம் ரெண்டு தரம் பாத்தாலே பாதி ரியாக்டர் பிழைச்சிடும்.

மூணாவது விலை. 1981-ல பதிவான சேகோசர்வ் கூட்டுறவு சங்கம் ஏலத்துல விக்கிற ஏற்பாட்டைக் கொண்டு வந்துச்சு, 2023-ல சேலம் ஜவ்வரிசிக்கு புவிசார் குறியீடும் கிடைச்சாச்சு. ஆனா ஏலத்துல நிறத்துக்கும் தரத்துக்கும்தான் விலை, தண்ணியை ஒழுங்கா சுத்தம் பண்ணின ஆலையோட மூட்டைக்கு ஒரு ரூபா கூடக் கிடையாது. பக்கத்துப் பக்கத்துல இருக்கிற நாலு ஆலை சேர்ந்து பொதுவா ஒரு ரியாக்டர் வெச்சா கணக்கு உதைக்காது, ஆனா யார் தண்ணி எவ்வளவு கனம், யாருக்கு எவ்வளவு கேஸ்ங்கிறதை எழுதி வெக்காம ஆரம்பிச்சா சண்டைதான்.

## வயலுக்கு விடலாமா

பொட்டாசியம் இருக்கு, தென்னைக்கு நல்லதுன்னு சொல்லி விடுறவங்க உண்டு. கேஸ் எடுத்து முடிச்ச தண்ணின்னா யோசிக்கலாம், பிஹெச் ஏறியிருக்கும், சயனைடு போயிருக்கும், பொட்டாசியம் அப்படியே இருக்கும். பாசனத்துக்கு விடுற தண்ணிக்கு பொது விதி பிஓடி 100, பிஹெச் 5.5-லிருந்து 9, ஆத்துல விடுறதுன்னா பிஓடி 30. சுத்தம் பண்ணாத தண்ணியை நேரா விட்டா மாவு மண்ணோட கண்ணை அடைச்சிடும், வேர்ல இருக்கிற காத்தை பாக்டீரியா எடுத்துக்கும், மரம் மஞ்சளாகும். அதுவும் மழைக்காலத்துல மண்ணே நிறைஞ்சு கிடக்கும்போது "பாசனம்"னு சொல்லி விடுறது பாசனம் இல்லை.

உங்க ஊர்ல ஒரு ஆலைத் தண்ணிக்கு சோதனை அறிக்கை காட்டினா, எண்ணைப் பாக்கிறதுக்கு முன்னாடி சில விஷயம் கேளுங்க. மாதிரி எடுத்தது தொட்டி திறந்த நேரத்துலயா, தரை கழுவின நேரத்துலயா. சீசன்லயா, ஆலை ஓடாத மாசத்துலயா. பாத்தது தனி சயனைடா, மொத்தமா. சுத்திகரிப்புக்கு கரன்ட் மீட்டர் தனியா இருக்கா, இருந்தா போன மாசம் எத்தனை யூனிட் ஓடியிருக்கு.